பாலத்தில் காத்திருக்கும்போது...

சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்குக் காரில் போக, 1998-ல் திறந்த துவாஸ் பாலம் இருக்கிறது. நீளம் 2 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் பள்ளி விடுமுறையில் மணிக்கணக்கில் வரிசை. நடுவில் வண்டியைத் திருப்பவும் வழியில்லை.

கிளம்புமுன் கைக்குழந்தையின் பாஸ்போர்ட்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் வண்டியானால் பெட்ரோல் டாங்க் முக்கால் பாகமாவது நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பால் மாவையும் ஃப்ளாஸ்கில் வெந்நீரையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். கரைத்த பால் வெயிலில் கெட்டுவிடும்.

என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. ஒருநாள் வரிசையிலேயே அவருக்கு வியர்த்துக் கை நடுங்கியது. "கண்ணு இருட்டுதும்மா" என்றார். கையிலிருந்த சர்க்கரைத் தண்ணீரை உடனே கொடுத்தேன். கால் மணியில் தெளிந்தார். பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டார்.

இன்சுலின் போடுகிறவர்கள் உங்களோடு வந்தால், இனிப்பும் சிற்றுண்டியும் டிக்கியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.