உயிரணுவுக்குள் ஓர் ஒளிச் சாட்சி

அச்சம் தோன்றியவுடன் நெஞ்சு படபடக்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து இதயத்தை எட்டுவதே அதற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். ஆயின், அச்செய்தியை இதய உயிரணுவின் உள்ளே நிறைவேற்றி வைப்பது புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதியாகும். இது பிற புரதங்களின்மீது பாஸ்பேட் என்னும் சிறு தொகுதியைப் பொருத்தி, அவற்றின் போக்கை மாற்றுகிறது.

இந்நொதி எக்கணத்தில் விழித்தெழுகிறது, எப்பொழுது ஓய்கிறது என்பதை எவ்வாறு அறிவது? உயிரணுக்களைச் சிதைத்துச் சாறெடுத்துச் சோதிப்பது பழைய முறை. உயிருள்ள ஓர் அணுவில் நொடிக்கு நொடி நிகழ்வதை அது காட்டாது.

இதற்கு வழிகாட்டியது கடலில் வாழும் ஒரு சொறிமீன். அதன் உடலில் பச்சையாய் ஒளிரும் புரதம் ஒன்று இருப்பதை 1962-ஆம் ஆண்டில் ஷிமோமுரா அறிவித்தார். 1994-இல் சால்ஃபி அதன் மரபணுவைப் பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் புகுத்தி அவற்றை ஒளிரச் செய்தார். ரோஜர் சியென் அப்புரதத்தைத் திருத்திப் பல நிறங்களைப் படைத்தார். இம்மூவரும் 2008-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

2001-இல் ஜின் ஜாங், சியென் முதலியோர் புரதக் கைனேஸ் ஏ-க்கென ஓர் ஒளிர் உணர்த்தியை அமைத்தனர். அது நான்கு உறுப்புகள் கோத்த மாலை போன்றது. ஒரு முனையில் நீலப்பச்சைப் புரதம். மறுமுனையில் மஞ்சள் புரதம். இடையில், நொதி பாஸ்பேட்டைப் பொருத்துதற்குரிய இரை ஒன்றும், பாஸ்பேட் ஏறிய இரையைப் பற்றும் கை ஒன்றும் உண்டு. நொதி வேலை செய்தால் கை இரையைப் பற்றும், மாலை மடியும், இரு நிறங்களும் நெருங்கும். பத்து நானோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், நீலப்பச்சைப் புரதம் தான் ஏற்ற ஆற்றலை மஞ்சளுக்கு வழங்கிவிடுகிறது. எனவே நீலம் மங்கி மஞ்சள் ஓங்குகிறது. இரண்டின் விகிதத்தை அளப்பதால், உணர்த்தி ஓர் அணுவில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருப்பினும் கணக்குப் பிழைபடுவதில்லை.

ஆயினும் முதல் உணர்த்தியில் ஒரு குறை இருந்தது. கை இரையை மிக இறுகப் பற்றிக்கொண்டது. பாஸ்பேட்டை அகற்றவரும் வேறு நொதிகள் அதனை அணுக இயலவில்லை. ஆகவே நொதி ஓய்ந்த பின்னரும் மஞ்சள் ஒளி தணியவில்லை. தொடக்கத்தைச் சொன்ன சாட்சி முடிவைச் சொல்ல மறுத்தது! 2005-இல் ஈஸ்ட்டின் புரதமொன்றிலிருந்து எடுத்த, சற்றுத் தளர்வாகப் பற்றும் கையைப் பொருத்தினர். அதன் பின்னரே, நொதியின் எழுச்சியும் ஓய்வும் ஒளியில் தெரிந்தன.

சாட்சி மெய்யுரைக்கிறதா என்பதற்கும் சோதனை உண்டு. இரையில் பாஸ்பேட் ஏறும் திரியோனின் என்னும் அமினோ அமிலத்தை நீக்கி, அவ்விடத்தில் அலனினை வைப்பர். அப்பொழுது நிறம் மாறலாகாது. மாறினால், ஒளி வேறெதையோ உரைக்கிறது என்பது பொருள்.

இறுகப் பற்றுவதே நன்று என எண்ணத் தோன்றும். உயிரின் இயக்கத்தை அளக்க விழைவோர்க்கோ, பற்றவேண்டிய பொழுதில் பற்றி, விடவேண்டிய பொழுதில் விடும் கையே வேண்டும்.