மருந்து பூசிய விதையும் மாக்கல் பொடியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கரிசல் நிலங்களில் புரட்டாசி மழையை நம்பி மானாவாரி மக்காச்சோளம் விதைக்கப்படுகிறது. 2018ஆம் ஆண்டில் படைப்புழு புகுந்து இவ்வட்டாரப் பயிரைப் பாழாக்கிய பிறகு, பூச்சிமருந்து பூசிய விதையை நாடுவோர் பெருகிவிட்டனர். ஆள் கிடைக்காத நாளில் டிராக்டர் விதைப்புக் கருவியை வாடகைக்கு அமர்த்துவதும் உண்டு. இவ்விரண்டும் சேரும்போது ஒரு சிக்கல் எழும்.

மருந்துப் பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுக்கும். மண் பதம் போகுமுன் விதைக்க வேண்டுமென்று மழைக்கு மறுநாளே இறங்குகிறோம். அன்றுதான் காற்றில் ஈரம் மிகுதி. விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பெட்டிக்குள் பாலம் கட்டியதுபோல் நின்றுவிடும். அடியில் சுழலும் தட்டின் சில குழிகள் வெறுமையாகப் போகும். சிலவற்றில் இரண்டு விழும். ஓட்டுபவருக்கு இது தெரியாது. முளைத்த பிறகுதான் சந்து தெரியும்.

வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடிகள். எட்டு விதைக்கு ஒன்று தவறினால் 3,300 செடிகளுக்கு மேல் நட்டம். பக்கத்துச் செடி கொழுத்து வளர்ந்தாலும் இதை முழுதும் ஈடு செய்யாது.

இதற்குக் கைகண்ட பொருள் மாக்கல் பொடி, அதாவது டால்க். இது விதையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தை மறைக்கும். விதை வழுக்கி இறங்கும். அளவு கருவிக்குக் கருவி மாறும் என்பதால் கருவியுடன் வந்த குறிப்பைப் பார்க்கவும். குறிப்பு இல்லையேல் சிறிதாகத் தொடங்கிக் கூட்டுவதே நலம். பெட்டியின் அடியில் வெள்ளைப் பொடி தேங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். மேலாகத் தூவினால் போதாது. விதை முழுதும் படும்படி கிளற வேண்டும். வாசனை கலந்த முகப்பவுடர் வேண்டாம்.

பிறகு கெட்டித் தரையில் 10 மீட்டர் ஓட்டி, விழுந்த விதைகளை எண்ணுங்கள். 40 இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. வாடகைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் பொட்டலங்களிலும் டால்க் உண்டு. ஆனால் அவற்றில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். டால்க்குக்குப் பதிலாகத் தூவக்கூடாது. கஞ்சியில் அசோஸ்பைரில்லம் கலந்த விதையை நிழலில் அரைமணி உலர்த்தாமல் கொட்டினால் எந்தப் பொடியும் கைகொடுக்காது.

ஒரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். காற்றால் விதையை உறிஞ்சி விடும் கருவிகளில், பொடி மருந்தையும் சுரண்டிக்கொண்டு தூசியாகப் பறக்கும். 2008இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில், குளோத்தியானிடின் பூசிய மக்காச்சோள விதையிலிருந்து பறந்த தூசியால் தேனீக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அவ்வகை மருந்து பூசிய மக்காச்சோளம், சோயா விதைகளுக்குத் தூசி குறைந்த வேறு பொருளையே சேர்க்க வேண்டுமெனக் கனடா 2014இல் விதித்தது. படைப்புழுவுக்காக விதையில் பூசப்படும் தயாமீத்தாக்சாமும் அதே இனத்தது. எனவே பக்கத்து வயலில் சூரியகாந்தி பூத்திருந்தால் அந்தப் பக்கம் காற்றடிக்கும் வேளையில் ஓட்ட வேண்டாம். பொடி கலப்பவர் கையுறை அணிந்து, மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். மிஞ்சிய விதையைக் கோழிக்குப் போடக்கூடாது.