திவால் உத்தரவுக்கும் விடுவிப்புக்கும் இடையே சொத்து யாருடையது?

கடனைத் தீர்க்க இயலாதவர் நீதிமன்றத்தை நாடுவதை ‘ஐ.பி. கொடுத்தல்’ என்றும் ‘மஞ்சள் கடுதாசி’ என்றும் குறிக்கும் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில், அந்த மனுவோடு கடன் தொலைந்தது என்ற எண்ணமும் கலந்திருக்கிறது. சட்டமோ திவால் உத்தரவுக்கும், எஞ்சிய கடனிலிருந்து கடனாளியை விடுதலை செய்யும் ‘விடுவிப்பு’ உத்தரவுக்கும் இடையே ஒரு நீண்ட காத்திருப்பை வைத்திருக்கிறது.

2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தொகுப்பில் தனிமனிதருக்குரிய பகுதி, நிறுவனக் கடனுக்குத் தம் பெயரில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகவே, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் பதிவான ஒரு விடுதி நிறுவனத்தின் வங்கிக் கடனுக்குக் கையெழுத்திட்டவர், அந்நிறுவனம் நொடித்து, திருப்பிச் செலுத்தும் திட்டமும் கைகூடாதபோது, கடல் கடந்து கொல்கத்தாவில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாய அமர்வின் முன் திவாலானவராக நிற்க நேரலாம்.

உத்தரவுக்குப் பின் அவருடைய சொத்துகள், அவற்றை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் ‘திவால் பொறுப்பாளர்’ வசம் சேர்கின்றன. தொழிலுக்கு இன்றியமையாத கருவிகளும் வாகனமும், வீட்டுப் பாத்திர பண்டங்களும், ஆயுள் காப்பீடும் இதற்கு விலக்கு. சமய வழக்கப்படி கழற்றக்கூடாத நகை ஒரு லட்சம் ரூபாய் வரையும், ஒரே குடியிருப்பு நகர்ப்புறத்தில் 20 லட்சம், கிராமப்புறத்தில் 10 லட்சம் ரூபாய் வரையும் விலக்குப் பெறும் என்பது 2019 விதிகளின் வரையறை. அன்று ஏறத்தாழ மூன்று சவரனுக்கு இடம் தந்த அந்த ஒரு லட்சத்தில், அதன்பின் ஏறிய விலையில், ஒரு தாலிக்கொடி அடங்குமா என்பது கவலை தரும் கேள்வி. அதைவிடக் கடுமையானது, இவை யாவும் அடமானத்தில் இல்லாதவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஜாமீன் நிற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையும் வங்கியில் வைத்தே கையெழுத்திடுவதால், வீட்டுக்குரிய விலக்கு பலருக்கு ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

காத்திருக்கும் காலத்தில் புதிதாகச் சொத்து வாங்கினாலோ, பரம்பரைப் பங்கு வந்தாலோ, வருமானம் கூடினாலோ ஏழு நாளுக்குள் பொறுப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். விலக்குக்குள் வராத புதுச் சொத்தை அவர் கோரிப் பெறலாம். பொறுப்பாளரின் முன்னனுமதியின்றிப் புதுக் கடன் வாங்கவும், தீர்ப்பாயத்தின் அனுமதியின்றி வெளிநாடு செல்லவும் தடை உண்டு. சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கப்பலேறுவது கடல் கடப்பதே ஆயினும் உள்நாட்டுப் பயணமே என்பதைத் தீவுவாசிகள் அறிந்திருப்பது நலம்.

குடும்பங்கள் அதிகம் இடறும் இடம் வேறொன்று. திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நெருங்கிய உறவினருக்குத் தானமாகவோ, அடிமாட்டு விலைக்கோ, திருமணத்தை முன்னிட்டோ தரப்பட்ட சொத்தை மீட்கப் பொறுப்பாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். மகளின் சீதனம் என்ற நல்லெண்ணம் மட்டும் அதற்கு அரணாகாது.

ஓராண்டு முடிந்ததும், அல்லது சொத்துப் பங்கீடு நிறைவுற்றதாகக் கடன்காரர் குழு அதற்கு முன்பே ஒப்புதல் தந்தால் அதிலிருந்து ஏழு நாளுக்குள்ளும், விடுவிப்புக்கு விண்ணப்பிப்பது பொறுப்பாளரின் கடமை. அது கிடைத்த பின்னரும் மோசடியால் விளைந்த கடன், நீதிமன்ற அபராதம், ஜீவனாம்சம், கல்விக் கடன் ஆகியவை தொடர்ந்து நிற்கும்.