நீர் குறைந்த போகத்தில் வயலைப் பங்கிடுதல்

சிறுபோகத்திற்கு முன் குளக்கட்டில் ஏறி நீர்மட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. குளத்தில் பத்து ஏக்கருக்குப் போதுமான தண்ணீரே இருக்கின்றது. கீழே நாற்பது ஏக்கர் வயல் கிடக்கின்றது. யார் விதைப்பது?

துருசுக்கு அண்மையில் காணி உள்ளவர் விதைக்கட்டும் என்பது இலகுவான விடை. வடமத்திய மாகாணத்துக் குளக் கிராமங்களின் சிங்கள விவசாயிகள் அதனை ஏற்கவில்லை. அவர்களிடம் 'பெத்ம' என்னும் பழைய வழக்கம் உண்டு. போகம் தொடங்குமுன் எல்லோரும் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு வயலுக்குப் போதும் எனத் தீர்மானிப்பர். கட்டுக்கு அண்மையிலுள்ள மேல்வயல் மட்டுமே விதைக்கப்படும். வாய்க்கால் குறுகினால் வழியில் நிலம் உறிஞ்சும் நீரும் குறையுமல்லவா? அந்த வயலை அவரவர் சொந்தக் காணியின் அளவுக்கேற்ப எல்லோருக்கும் பங்கிடுவர். மேற்சொன்ன குளத்தில் நான்கு ஏக்கர் உள்ளவருக்கு ஒரு ஏக்கர் கிடைக்கும். ஒரு ஏக்கர் உள்ளவருக்குக் கால் ஏக்கர். அறுவடை முடிந்ததும் வயல் உரியவரிடம் திரும்பிவிடும். வன்னிக் குளங்களின் கீழும் சிறுபோகக் காணியைப் பங்கு வைப்பது புதிதல்ல.

மேல்வயல்காரருக்கு இது நட்டமல்லவா என நீங்கள் கேட்கலாம். அந்த ஒரு போகத்தில் நட்டந்தான். ஆனால் கட்டுத் திருத்தவும் வாய்க்கால் துப்புரவாக்கவும் கடைவயல்காரரும் மண்வெட்டியோடு வரவேண்டுமானால், அவருக்கும் தண்ணீரில் பங்கு இருக்கவேண்டும். காணியே இல்லாதவருக்குப் பெத்மவில் இடமில்லை. அது இம்முறையின் பெருங் குறைபாடு என்பதே எமது கருத்து.

இக்குளங்கள் தனித்து நிற்பவையுமல்ல. ஒன்றின் மிகுநீரும் வயலிலிருந்து வடியும் நீரும் அடுத்த குளத்தைச் சேர்கின்றன. இத்தொடர்முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. குளத்தின் மேற்புறத்துப் புற்தரை வண்டலை மறிக்கின்றது. கட்டின் கீழே மருது, இலுப்பை, தாழை நிற்கும் பற்றை, கசியும் நீரின் உப்பு வயலுக்குப் போகாமல் தடுக்கின்றது. அப்பற்றையை வீண் காணியென்று வெட்டிவிடாதீர்கள்.

முன்பு 'வெல் விதானை' இவ்வழக்கங்களைக் கண்காணித்தார். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு அப்பதவி போயிற்று. இன்று அப்பொறுப்பு கமக்காரர் அமைப்புகளைச் சார்ந்தது.

இன்னும் ஊர் திரும்பாத குடும்பங்களுக்கு இதில் ஒரு காரியம் இருக்கின்றது. யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் பங்கிட முடியாது. உறுதிகள் தொலைந்திருக்கும், வரம்புகள் காடாகியிருக்கும், கணக்குத் தெரிந்த முதியவர்களும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். எனவே இருக்கும் இடத்திலேயே ஊரவர் கூடுங்கள். குளம், துருசு, வாய்க்கால், வயல் யாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, பெயரும் ஏக்கரும் குறியுங்கள். கணவரை இழந்த பெண்களின் பெயரை விடவேண்டாம். எவருக்கும் சொந்தமில்லாத அலைகரையையும் கட்டாயம் வரையுங்கள். ஊரில் முதலில் அடைக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். பிரதிகளை வெவ்வேறு வீடுகளில் வைத்து, ஊர் திரும்பும்போது ஒன்றைக் கமநல சேவை நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்.