கூடு விட்டுக் கூடு பாய்தல்

மந்திர் மார்க்கில் உள்ள நம் வகுப்பறையில் இடைவேளையின்போது மிகுதியாகக் கேட்கும் பெயர் ‘நாருட்டோ’. மசாஷி கிஷிமோட்டோ என்னும் ஜப்பானிய ஓவியர் 1999 முதல் 2014 வரை தொடராக வெளியிட்ட படக்கதை அது. அதில் வரும் இனோ என்னும் நிஞ்ஜாப் பெண்ணை நீங்கள் அறிவீர்கள். அவள் மனம் தன் உடலை விட்டு நீங்கிப் பிறர் உடலுக்குள் புகுந்து அவரை இயக்கும். இவ்வாற்றலுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே ஒரு பெயர் உண்டு. அதுவே ‘கூடு விட்டுக் கூடு பாய்தல்’.

இங்குக் கூடு என்பது உடல். உயிர் அதில் தங்கும் பறவை. வடமொழியில் இதனைப் பரகாயப் பிரவேசம் என்பர். காயம் என்றதும் புண்ணையோ பெருங்காயத்தையோ நினைத்துவிடாதீர்கள்! இச்சொல்லில் அதற்கு உடல் என்பதே பொருள்.

இனோவின் ஆற்றலுக்கு எல்லைகள் உண்டு. அவள் மனம் நேர்கோட்டில், மெதுவாகவே செல்லும். குறி தவறினால் திரும்பி வரச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை அவளுடைய உடல் உணர்வற்றுக் கிடக்கும். தோழர்கள் அதைக் காக்க வேண்டும். புகுந்த உடல் அடிபட்டால் அவளுடைய உடலிலும் காயம் தோன்றும் (இந்தக் காயம் புண்தான்).

விட்டுச்சென்ற உடலுக்குக் காவல் வேண்டும் என்பதை நம் கதைகளும் அறியும். ஆதிசங்கரர் அமருகன் என்னும் மன்னனின் உடலில் புகுந்தபோது, அவருடைய உடலைச் சீடர்கள் காத்தனர் என்பர். காவலின்றிச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார்.

கயிலையிலிருந்து அகத்தியரைக் காணத் தெற்கே வந்த யோகி அவர். காவிரிக் கரையில், திருவாவடுதுறைக்கு அருகே, சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடந்தான். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறின. அத்துயரைக் காணப் பொறாத யோகி, தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு, மூலனின் உடலில் புகுந்து எழுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மாலையில் அவை வீடு திரும்ப, அவரும் பின்தொடர்ந்தார்.

அங்கே மூலனின் மனைவி காத்திருந்தாள். தன் கணவனின் முகத்தோடு வந்தவர், ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்று விலகிச் சென்றார். அவள் இரவெல்லாம் உறங்கவில்லை. மறுநாள் ஊராரிடம் முறையிட்டாள். அவர்கள் சென்று கண்டபோது அவர் யோகத்தில் அமர்ந்திருந்தார். இது பித்து அன்று என உணர்ந்து, அவளைத் தேற்றி அழைத்துச் சென்றனர். பசுக்களின் துயர் தீர்ந்தது. அவள் துயரைத் தீர்க்க அவ்வாற்றலால் இயலவில்லை. இக்கதையில் பலர் விரைந்து கடந்துவிடும் இடம் இது. எனக்கோ இதுவே மறக்க முடியாத இடம்.

யோகி தம் உடலைத் தேடிச் சென்றார். அது அங்கு இல்லை. ஆகமப் பொருளை அவர் தமிழில் கூற வேண்டும் என்பதற்காக இறைவனே அதை மறைத்தார் என்கிறார் சேக்கிழார். திரும்பிச் செல்ல உடலின்றித் திருவாவடுதுறையில் தங்கிய அவர், ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. திருமந்திரம் என்னும் நூல் அதுவே. அவருடைய முந்தைய பெயர் சுந்தரநாதர் என்பர். இன்று நாம் அவரைத் திருமூலர் என்று அழைப்பது அந்த இடையனின் பெயரால்தான்.