ஏலகிரி ஏறிய மறுநாள்

வேலூரில் சைக்கிளை எடுத்து, பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டி ஆம்பூர் வரை மிதித்துவிட்டுத் திரும்பினால் ஏறக்குறைய 100 கி.மீ. கிட்டத்தட்ட அதே தூரத்தை இன்னொரு முறையும் மிதித்தால், ‘அயர்ன்மேன்’ எனப்படும் நெடுந்தூர டிரையத்லானில் சைக்கிள் பகுதி மட்டும் முடியும். அது 180 கி.மீ. அதற்கு முன்பே 3.8 கி.மீ. நீந்தியிருக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஒரு முழு மாரத்தான், அதாவது 42.2 கி.மீ. ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக 17 மணி நேரம்தான் கெடு.

நீச்சல்காரர், ஓட்டக்காரர், சைக்கிள்காரர் இவர்களில் யாருக்கு உடல்வலு அதிகம் என்று ஹவாயில் எழுந்த வாக்குவாதத்தில் பிறந்த போட்டி இது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் 1978 பிப்ரவரி 18 அன்று நடத்திய முதல் பந்தயத்தில் 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். இன்று உலகமெங்கும் நடக்கிறது. இந்தியாவில் 2019 முதல் கோவாவில் இதன் பாதித் தூரப் போட்டி நடக்கிறது: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். 2024-ல் பெங்களூரு எம்.பி. தேஜஸ்வி சூர்யாவும், 2025-ல் தமிழக அரசியல்வாதி அண்ணாமலையும் அதை முடித்தபோது, விளையாட்டுப் பக்கமே புரட்டாதவர்களுக்கும் இந்தப் பெயர் அறிமுகமானது.

இதில் இறங்க நினைப்பவர் முதலில் கேட்பது, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். மறுநாள் என்ன செய்வது என்று கேட்பவர் குறைவு. ஆனால் பாதி விஷயம் அந்த மறுநாளில்தான் இருக்கிறது.

பயிற்சி நடக்கும் நேரத்தில் உடம்பு வலுவாவதில்லை, தேய்கிறது. தசையில் சேமித்த மாவுச்சத்து கரைகிறது, தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. இவற்றைப் பழுது பார்த்து, முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டி வைக்கும் வேலை பின்னால், பெரும்பகுதி தூக்கத்தில், நடக்கிறது. தோல் பதனிடும் ஷாப்பில் குரோம் ஏற்றிய தோலை டிரம்மிலிருந்து எடுத்த கையோடு அடுத்த வேலைக்குத் தள்ளுவதில்லை. குரோமியம் நாரில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அடுக்கிப் போட்டு ஒரு ராத்திரியாவது விடுவார்கள். உடம்புக்கும் அந்த ராத்திரி தேவை.

சிக்கல் என்னவென்றால், உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. நன்றாகச் சாப்பிட்டால் மாவுச்சத்து ஒரு நாளில் ஏறக்குறைய நிரம்பிவிடும். (நீண்ட சைக்கிள் பயணத்துக்குப் பின் சோறும் இறைச்சியும் நல்லது என்பது ஆம்பூர்க்காரர்களுக்குப் பிரியாணி சாப்பிட இன்னொரு சாக்கு.) தசைவலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் அடங்கும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். எலும்பின் கதை இன்னும் விசித்திரம். பளு கூடும்போது பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வேலையைத் தொடங்கும்; புது எலும்பு பின்னால்தான் நிரம்பும். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு சற்றுப் பலவீனமாகவே இருக்கும். உற்சாகமாக ஓட ஆரம்பித்தவருக்குச் சில வாரங்களில் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் கீறல் விழுவது இதனால்தான். மூச்சும் தசையும் தயாராகிவிட்டன, எலும்பு இன்னும் தயாராகவில்லை.

இந்தப் பாடத்தின் முக்கியமான பக்கம் ஒன்று வேலூரிலேயே எழுதப்பட்டது, அதுவும் விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். கொல்லிமலையில் 1914-ல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களையும் பாதங்களையும் தின்றுவிடுகிறது என்றே அப்போது நம்பினார்கள். பிராண்ட் கவனித்தது வேறு. நரம்பு செத்துப்போனதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் நோயாளி புண்ணின் மேலேயே நடக்கிறார். வலி தெரிந்த மனிதர் நெடுந்தூரம் நடக்கையில், தன்னை அறியாமலே நடையை மாற்றி, நொந்த இடத்திலிருந்து எடையை நகர்த்திக்கொள்கிறார். உணர்ச்சியற்ற பாதம் கடைசி அடி வரை அதே இடத்தில் ஊன்றுகிறது.

கொழும்பில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் கையாண்ட மாவுக்கட்டு முறையை பிராண்டும் பயன்படுத்தினார். அழுத்தம் பரவி, புண்ணுக்கு ஓய்வு கிடைத்ததும் அது தானாக ஆறியது. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மையத்திலும் மென்மையான ரப்பர் வைத்துச் செய்த செருப்புகளும் அதே நோக்கத்தில் பிறந்தவை. ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குவது அதைத்தான்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, அங்கே எலிகளின் பாதத்தை ஓர் இயந்திரத்தால் திரும்பத் திரும்ப அழுத்திச் சோதித்தார்கள். பெரிய அழுத்தம் அல்ல, ஆனால் தினமும் ஆயிரக்கணக்கான தடவை. இடைவெளியில்லாமல் தொடர்ந்தபோது வீக்கம் கண்டு, சில நாட்களில் புண்ணானது. எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, வாரக் கடைசியில் விடுமுறையும் விட்டபோது, வாரக்கணக்கில் அழுத்தியும் புண் வரவில்லை. மாறாக, பாதத்தோல் தடித்து உறுதிப்பட்டது. இன்றைய டிரையத்லான் பயிற்சியாளர்கள் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி குறைந்த வாரமும் எழுதிக் கொடுப்பதை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

அப்படியிருக்க, வலிமாத்திரை போட்டுக்கொண்டு பந்தயத்தில் இறங்குபவர், அந்த நோயாளிகள் இழந்த வலி என்ற காவலைத் தானே துரத்திவிடுகிறார். ஐபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகள் நீண்ட பந்தயத்தில், வெயிலில், சிறுநீரகத்துக்கும் சுமை ஏற்றும்.

ஓய்வைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் டிரையத்லான் வீரர் மார்க் ஆலனைப் பார்க்கலாம். ஹவாய் அயர்ன்மேனில் டேவ் ஸ்காட்டிடம் பல ஆண்டுகள் தோற்றவர், இதயத்துடிப்பை அடக்கி மெதுவாகப் பயிற்சி செய்யக் கற்றுக்கொண்டு, 1989-ல் 58 விநாடி வித்தியாசத்தில் ஸ்காட்டை வென்றார். தொடர்ந்து ஐந்து பட்டங்கள். 1994-ல் ஹவாய்ப் பந்தயத்துக்கே போகவில்லை. அடுத்த ஆண்டு 37 வயதில் திரும்பி வந்து ஆறாவது பட்டத்தையும் எடுத்துச் சென்றார்.

வேலூர்ப் பக்கத்தில் பயிற்சி செய்பவருக்கு நீச்சல்தான் முதல் தலைவலி. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல். தோல் தொழிற்சாலைக் கழிவு இந்தப் பகுதியின் நீரைக் கெடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. ஆகவே கிணறு, இல்லாவிட்டால் நீச்சல் குளம். மலையேற்றத்துக்குக் குறையில்லை: புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் கோடையில் அதே மலை இருமடங்கு கனக்கும். வெயிலுக்கு உடம்பு பழக பத்து, பதினான்கு நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களில் தூரத்தைக் கூட்டக் கூடாது. ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு அந்த நிற்றலும் பயிற்சிக் கணக்கில் சேரும். பெங்களூரு ஐ.டி. ஊழியருக்காகப் போட்ட அட்டவணை அவருக்கு ஆகாது.

அளவு மீறியதை உடம்பு சொல்லாமல் இருப்பதில்லை. காலையில் படுக்கையிலேயே எண்ணும் நாடித்துடிப்பு பல நாட்கள் வழக்கத்தைவிடக் கூடியிருப்பது, அலுப்பு இருந்தும் தூக்கம் வராதது, பசி மந்தம், காரணமில்லாத எரிச்சல். இவை சேர்ந்து வந்தால் அன்றைய ஓட்டத்தைத் தள்ளிப்போடலாம். கவனிக்காமல் விட்டு, மாதக்கணக்கில் படுத்துவிட்டவர்கள் உண்டு.

பந்தயத்துக்கு முன் இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்க வேண்டும். முடிந்த பின் முதல் சில நாட்கள் நடை போதும். பிறகு மெதுவான நீச்சல், அடுத்து சமதளத்தில் சைக்கிள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பளு காலில் இறங்குவதால் ஓட்டம் கடைசியில். ஏலகிரி அதற்கும் பிறகு.