ஒரே படகு, ஒரே மனநிலை: குழு வேலையில் உணர்வுகள் செய்வது என்ன?

ஜூன் 14 நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. கோட்டைப்பட்டினம் விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குக் கிளம்புகின்றன. படகுக்கு நாலைந்து பேர். டீசல், ஐஸ், வலை எல்லாம் பார்த்தாச்சு. கூடவே ஏறும் ஒன்றை மட்டும் யாரும் பார்ப்பதில்லை: மனநிலை.

உணர்வு தொற்றுமா?

தொற்றும். எதிரில் இருப்பவரின் முகபாவம், குரலை நாம் அறியாமலேயே பின்பற்றுகிறோம். கொஞ்ச நேரத்தில் அவருடைய உணர்வும் நமக்கு வந்துவிடுகிறது. இதை 'உணர்வுத் தொற்று' என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் சிகல் பார்சேட், 94 மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி, போனஸ் தொகையைப் பங்கிடச் சொன்னார். ஒவ்வொரு குழுவிலும் ஒரு நடிகர் இருந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. அவரிடமிருந்து இதமான மனநிலை தொற்றிய குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, மோதல் குறைந்தது. 2002-ல் இந்த ஆய்வு வெளியானது.

படகில் என்ன ஆகும்?

பாடு குறைந்தால் எல்லோருடைய பங்கும் குறையும். டீசல் செலவு குறையாது. அந்த எரிச்சலில் படகு ஓட்டுபவர் கத்தினால் வேலை நிற்காது, பேச்சு நின்றுவிடும். 'கயிறு தேஞ்சிருக்குண்ணே' என்று சொல்ல வேண்டிய தம்பி, 'நமக்கெதுக்கு வம்பு' என்று இருந்துவிடுவார். கடலில் அது உயிர் போகிற விஷயம்.

அதற்காக எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கணும் என்றில்லை. மேகம் கறுக்கும்போது ஒருவருடைய பயம் மற்றவர்களுக்கும் தொற்றினால் எல்லோரும் உஷாராவார்கள். கவலை இருப்பது தப்பில்லை. அதை அடுத்தவர் மேல் கோபமாகக் கொட்டுவதுதான் சிக்கல்.

நீங்கள் செய்யக்கூடியவை

• புறப்படும் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் தூங்கவில்லை என்று கேளுங்கள்.
• பொறுப்பில் இருப்பவர் முகத்தைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். நீங்கள் நிதானமாக இருந்தால் குழுவும் நிதானமாகும்.
• குறையைச் சுட்டிக்காட்டியவரைத் திட்டாதீர்கள். 'நல்லவேளை சொன்னே' என்று சொல்லிப் பாருங்கள்.
• பங்குக் கணக்குச் சண்டை கடலில் வேண்டாம், கரைக்கு வந்து பேசுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுவோ, அலுவலகமோ, நாலு பேர் சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

உதவிக்கு அழைக்க

மனக்கவலை, தூக்கமின்மை: 14416 ('நட்புடன் உங்களோடு' மனநல சேவை)
கடலில் ஆபத்து: 1554 (இந்தியக் கடலோரக் காவல்படை), 1093 (கடலோரப் பாதுகாப்புக் குழுமம்)